விதவை ஓய்வூதியமா, உரிமைத் தொகையா? முதல்ல எதுக்கு எழுதிப் போடணும்?

முக்கூடல் பொடியன்:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பக்கத்து வீட்டு அக்காவுக்காகக் கேக்கேன். விவரத்தை மொத்தமாப் போட்டுடுதேன்.

அக்காவுக்கு வயசு 43. பீடி சுத்துதாங்க, பி.எஃப். பிடித்தம் உண்டு. வீட்டுக்காரர் கொத்தனாருக்குக் கையாளா இருந்தவர். போன மார்ச்சுல நோய்ல இறந்துட்டார், 47 வயசு. பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரியில வச்சு இறந்தார். கட்டுமான நல வாரிய அட்டை ஒண்ணு வீட்டுல கிடக்கு, கடைசியா எப்பப் புதுப்பிச்சார்னு தெரியலை. மக பதினொண்ணாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு, ரெண்டு பேரும் அரசுப் பள்ளி. வீடு இறந்துபோன மாமனார் பேர்லயே இருக்கு. மாமியார் மூத்த மகன் ரேஷன் கார்டுல இருக்காங்க.

அக்காவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 வந்துட்டு இருக்கு. விதவை ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டா அந்த ஆயிரம் நின்னுடும்னு ஒருத்தர் சொல்லுதார், ரெண்டும் சேர்ந்து வரும்னு இன்னொருத்தர் சத்தியம் பண்ணுதார். கடைத்தெருவுல ஒரு ஆள், ஆதரவற்ற விதவைச் சான்று இல்லாம மனுவே ஏறாது, வாங்கித் தர 2,000 ஆகும்ங்கார். இறப்புச் சான்றுல அவர் பேர் இன்ஷியல் இல்லாம இருக்கு, ஆதார்ல இன்ஷியலோட இருக்கு. இது இடிக்குமா?

வேற என்னென்ன உதவி உண்டு, எந்த ஆபீஸ், எது முதல்ல? அக்கா ஒரு நாள் அலைஞ்சா அன்னைக்குக் கூலி போயிரும். அதனால அலைச்சல் குறைவா இருக்கிற மாதிரி சொல்லுங்க.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:

முதல்ல அந்த 2,000 ரூபாய் ஆளை விடுங்க. ஆதரவற்ற விதவைச் *சான்று* வேறு, ஆதரவற்ற விதவை *ஓய்வூதியம்* வேறு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். சான்று கொடுப்பவர் கோட்டாட்சியர். முக்கூடலுக்கு அது சேரன்மகாதேவி. அதன் பயன் அரசு வேலை தேடுகிறவர்களுக்கு: பெண்களுக்கான 30 விழுக்காட்டுக்குள் 10 விழுக்காடு ஆதரவற்ற விதவைகளுக்கு ஒதுக்கீடு. ஓய்வூதியத்துக்கு முக்கியமான தாள் கணவரின் இறப்புச் சான்று.

ஓய்வூதிய மனு இ-சேவை மையத்தில் பதிவாகும், கட்டணம் 10 ரூபாய்தான். வருமானச் சான்று போன்றவற்றுக்குத்தான் 60. கொண்டுபோக வேண்டியவை: ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஒரு புகைப்படம், ஓ.டி.பி. வரும் கைபேசி. மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போகும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், கடைசியில் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். அனுமதிக்கிறவரும் தள்ளுபடி செய்கிறவரும் இந்தத் தனி வட்டாட்சியர்தான். வழக்கமான தாசில்தார் அறை வாசலில் போய் நிற்க வேண்டாம்.

இரண்டு திட்டம் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி விதவை ஓய்வூதியம் 40 முதல் 79 வயது வரை, வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு. மாநிலத்தின் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 18 வயதிலிருந்து. 43 வயது என்றால் எதில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். கைக்கு வரும் தொகை ஒன்றுதான், 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200. எந்தத் திட்டத்தில் போடுவது என்று அலுவலகத்தோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

இனி உங்கள் பெரிய கேள்வி. ஒரே பெண்ணுக்கு உரிமைத் தொகையும் விதவை ஓய்வூதியமும் சேர்ந்து கிடையாது. உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோதே, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குகிறவர்களைத் தகுதி இல்லாதவர்கள் பட்டியலில்தான் வைத்தார்கள். ஆக 1,200 வந்தால் 1,000 நிற்கும். கணக்குப் பார்த்தால் மிச்சம் 200.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். ‘ரெண்டும் கிடையாதாமே’ என்று பயந்து உரிமைத் தொகையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நிறுத்திவிட வேண்டாம். ஓய்வூதிய ஆணை கைக்கு வரும்வரை அது வரட்டும். விசாரணையில் கேட்டால், வாங்குகிறேன், ஆணை வந்ததும் விட்டுக்கொடுக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னால் போதும். மறைத்தால் ஆதார் எண் காட்டிக்கொடுக்கும்.

சேவைமேசை:

மேல சொன்னது எல்லாம் சரி. மேசையில உக்காந்து பதியும்போது எங்கே முட்டும்னு நான் சொல்லுதேன்.

முதல் முட்டு, செல்போன் நம்பர். வீட்டுக்கு ஒரே போன், அது இறந்தவர் பேர்ல வாங்கின சிம். அக்கா ஆதாரும் ரேஷன் கார்டும் அந்த நம்பர்லதான் இருக்கும். ரீசார்ஜ் பண்ணாம விட்டா நம்பர் கைமாறிடும், அப்புறம் எந்த ஓ.டி.பி.யும் வராது. ஆதார்ல நம்பர் மாத்த நேர்ல ஆதார் மையம் போயி ரேகை வச்சுடுறது நல்லது. அதனால அக்கா பேர்ல ஒரு சிம் வாங்கி, ஆதார், ரேஷன், பேங்க் மூணுலயும் அந்த நம்பரை ஏத்துறதுதான் முதல் வேலை. இதை விட்டுட்டு எங்க போனாலும் திரும்பத்தான் வரணும்.

ரெண்டாவது, ரேகை. வருஷக்கணக்கா பீடி சுத்துறவங்களுக்கு விரல்ல ரேகை தேஞ்சிருக்கும். மெஷின் எடுக்கலைன்னதும் திரும்பி வந்துடுதாங்க. கருவிழி வச்சுப் பதியச் சொல்லிக் கேளுங்க. கையை நல்லாக் கழுவித் தொடச்சுட்டு, பத்து விரலையும் ஒண்ணொண்ணா வச்சுப் பாத்தா ஒண்ணாவது எடுக்கும்.

மூணாவது, இன்ஷியல். இறப்புச் சான்றுல இன்ஷியல் விட்டுப்போனதுக்கு மட்டும் ஓய்வூதியம் தள்ளுபடி ஆகாது, மத்த விவரம் ஒத்துப்போனா. ஆனா வாரிசுச் சான்று, பேங்க், இன்சூரன்ஸ்னு போறப்ப கட்டாயம் இடிக்கும். இப்பவே திருத்திடுங்க. இறப்பு பதிவானது எங்கேயோ அங்கேதான் திருத்தணும். பாளையங்கோட்டையில இறந்தவருக்கு முக்கூடல் பேரூராட்சியில போயி நின்னா பிரயோஜனம் இல்லை. சான்றுல கீழே கையெழுத்துப் போட்டிருக்கிற பதிவாளர் யாருன்னு பாருங்க, அவர்கிட்ட இறந்தவரோட ஆதார் நகலையும் ஒரு மனுவையும் கொடுக்கணும். திருத்தின சான்றுல அஞ்சு நகல் எடுத்து வச்சுக்கிடுங்க, ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒண்ணு போயிரும்.

நாலாவது, ரேஷன் கார்டு. இறந்தவர் பேரை நீக்கணும், குடும்பத் தலைவரா அக்கா பேரும் போட்டோவும் வரணும். ரெண்டும் பொது வினியோகத் தளத்துலயே செய்யலாம், வேற வேற கோரிக்கையாப் போடணும். நீக்கல் முதல்ல, தலைவர் மாத்தம் அடுத்தது. இது முடியாம ஓய்வூதியம் பதிஞ்சா, கார்டுல கணவர் உயிரோட இருக்காரேன்னு வி.ஏ.ஓ. திருப்பி அனுப்புவார். அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது.

இ-சேவையில குடிமக்கள் கணக்கு எண் ஒண்ணு உருவாக்குவாங்க. அந்த எண்ணைக் கையோட எழுதி வாங்குங்க. அடுத்த தடவை எந்த மையத்துக்குப் போனாலும் அதைச் சொன்னாப் போதும். புதுசு புதுசா எண் போட்டா விவரம் ஒண்ணுக்கொண்ணு முரணா நிக்கும்.

இலையும் தூளும்:

எல்லாரும் அந்த 200 ரூபாயையே சுத்தி வாறீங்க. பெரிய பணம் வேற இடத்துல கிடக்கு, அதுல சிலது நாள் போனாப் போயிரும். நான் வரிசையை மாத்திச் சொல்லுதேன் தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க.

இன்னைக்கே இறந்தவரோட பேங்க் பாஸ்புக்கை எடுத்துக்கிட்டுப் போயி வரவு செலவைப் பதிஞ்சு வாங்குங்க. அவர் இறந்ததுக்கு முந்தின மே, ஜூன் மாசத்துல 436 ரூபாய் கழிஞ்சிருக்கான்னு பாருங்க. கழிஞ்சிருந்தா அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருசக் காப்பு, 50 வயசுக்குள்ள சேரலாம், எந்தக் காரணத்துல இறந்தாலும் 2 லட்சம். புதுசாச் சேர்ந்து முதல் 30 நாளுக்குள்ள நோய்ல இறந்தா மட்டும் கிடையாது. அவர் மார்ச்சுல இறந்திருக்கார், காப்புக்குள்ளதான் வருது. பேங்க்ல கணக்குத் தொறக்கும்போது ஒரு தாள்ல கையெழுத்து வாங்கியிருப்பாங்க, வீட்டுல யாருக்கும் தெரியாது. 20 ரூபாய் கழிஞ்சிருந்தா அது விபத்துக் காப்பு, நோய்ச் சாவுக்கு ஆகாது. ரெண்டு மூணு பேங்க்ல 436 பிடிச்சிருந்தாலும் ஒரு ஆளுக்கு 2 லட்சந்தான். 30 நாளுக்குள்ள கொடுக்கச் சொல்லுவாங்க, நாள் தாண்டிருச்சுன்னு கவுண்டர்ல வாய்ல சொன்னா அப்படியே திரும்பிராதீங்க. மனுவை எழுத்துல கொடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்தும் தேதியும் கேளுங்க.

அடுத்து பிள்ளைகள். மிஷன் வாத்சல்யான்னு ஒரு திட்டம், நம்ம ஊர்ல நிதி ஆதரவுத் திட்டம்னு சொல்லுவாங்க. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு, தாய்கிட்டயே வளர்றதுக்கு, ஒரு பிள்ளைக்கு மாசம் 4,000. பதினெட்டு வயசு வரைக்குந்தான். இதுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு கொடுக்கணும், தாலுகா ஆபீஸ்ல இல்லை. வருமான வரம்பு கிராமத்துல ஆண்டுக்கு 72,000, நகரத்துல 96,000. பிள்ளை ஆதார், பிறப்புச் சான்று, பள்ளியில படிக்கிறதுக்கான சான்று, தகப்பன் இறப்புச் சான்று, வருமானச் சான்று, பிள்ளையும் தாயும் சேர்ந்த வங்கிக் கணக்கு, இவ்வளவும் வேணும். வீட்டுக்கு வந்து விசாரிச்சு அறிக்கை எழுதுவாங்க, அப்புறம் குழு கூடி முடிவு பண்ணும். இடம் எண்ணிக்கை குறைவு, கொடுத்தவங்க எல்லாருக்கும் கிடைக்காது. பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்தினா பணமும் நிக்கும். மக பதினொண்ணு படிக்கா, பதினெட்டுக்கு ஒண்ணரை ரெண்டு வருசந்தான் இருக்கும், அதனால இதுதான் அவசரம். ஓய்வூதியம் ஒரு மாசம் பிந்தினாப் பரவாயில்லை.

‘அன்புக் கரங்கள்’ 2,000 கிடைக்கும்னு யாராவது அனுப்புவாங்க. அது ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைகளுக்கு, இல்லாட்டி ஒருத்தர் இறந்து இன்னொருத்தர் கவனிக்க முடியாத நிலையில இருக்கிற பிள்ளைகளுக்கு. தாய் உழைச்சுக் காப்பாத்துற வீட்டுக்கு அது பொருந்தாது. பள்ளிக்கூடத்துல 75,000 கொடுப்பாங்கன்னு சொல்லுவாங்க, அது விபத்துக்கு மட்டும்.

பீடிக்கு வாறேன். பீடித் தொழிலாளி பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை உண்டு. எட்டாம் வகுப்புக்கு வருசம் 1,500, பதினொண்ணுக்கு 3,000. தேசிய உதவித்தொகை இணையதளத்துலதான் பதியணும், முதல்ல ஒருமுறைப் பதிவு எண் எடுக்கணும், அதுக்கு முகம் காட்டிச் சரிபார்க்கும். அக்காவோட பீடி அடையாள அட்டை கட்டாயம். அட்டையில பேர் ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி இருந்தா முக்கூடல் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியில கேட்டு முதல்லயே சரி பண்ணுங்க. இதுல தள்ளுபடி ஆகுறதுல முக்காவாசி பள்ளிக்கூடத்துலதான்: பதிஞ்சதும் பள்ளியில இருக்கிற பொறுப்பு ஆசிரியர் இணையத்துல சரிபார்த்து மேலே அனுப்பணும், அவர் கடைசி நாள் வரை பாக்காம விட்டா மனு அங்கேயே செத்துடும். பதிஞ்ச அன்னைக்கே அச்செடுத்து அவர் கையில கொடுத்துடுங்க. வேற அரசு உதவித்தொகை வாங்கினா இது கிடையாது.

அப்புறம் அக்காவோட பி.எஃப். கணக்குல வாரிசு நியமனம் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. சந்தேகமே வேண்டாம், இறந்தவர் பேர்லதான் இருக்கும். ரெண்டு பிள்ளை பேருக்கும் மாத்தி ஆதாரோட பதியச் சொல்லுங்க. இது இன்னைக்குக் காசு தராது, ஆனா இதைச் செய்யாம விட்ட வீடுகள்ல பிள்ளைகள் படுற பாடு இருக்கே, அது வேண்டாம்.

முக்கூடல் பொடியன்:

ஒரு நாள்ல இவ்வளவு கிடைக்கும்னு நினைக்கலை, ரொம்ப நன்றி. பாஸ்புக் பதிஞ்சு பாத்தாச்சு, போன வருசம் மே கடைசியில 436 கழிஞ்சிருக்கு! ஆனா பேங்க்ல வாரிசுப் பேரே கொடுக்கலையாம், வாரிசுச் சான்று கொண்டாங்கன்னுட்டாங்க.

இன்னொண்ணு. வீட்டுல ஒரு வருமானச் சான்று இருக்கு, போன வருசம் ஸ்கூலுக்காக எடுத்தது, அதுல 1,20,000ன்னு போட்டிருக்கு. 96,000 தாண்டுதே. அதை வச்சா தள்ளிடுவாங்களா?

கொக்கிரகுளம் அண்ணாச்சி:

‘இலையும் தூளும்’ சொன்ன வரிசைதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன், நீங்கள் கேட்காத கேள்விக்கு அவர் சொல்லிவிட்டார்.

வருமானச் சான்று: பழையதை மறந்துவிடுங்கள். அது கணவர் உயிரோடு இருந்தபோது அவர் கூலியையும் சேர்த்து எடுத்தது. இப்போது குடும்பத்தின் வருமானம் அக்காவின் பீடிக் கூலி மட்டும். இறப்புச் சான்றையும் பேர் நீக்கிய ரேஷன் கார்டையும் இணைத்துப் புதிதாக விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ. விசாரணையில் பீடிக் கடை பாஸ் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாரக் கூலி சராசரி 1,200 என்றால் 52 வாரத்துக்கு 62,400. வாயால் ‘ஏதோ வருது’ என்றால் அவர் தன் மனதில் உள்ள வட்டத் தொகை ஒன்றை எழுதிவிடுவார், 60,000, 72,000, 1,00,000 என்று. பாஸ் புத்தகத்தில் உள்ளதைக் குறைத்தும் சொல்ல வேண்டாம், பி.எஃப். பிடித்தம் இருப்பதால் கூலி வெளியே தெரியும். முக்கூடல் பேரூராட்சி, ஆகையால் நகர வரம்பான 96,000. பக்கத்து ஊராட்சியில் குடியிருப்பவர்களுக்கு 72,000. முகவரியைச் சரியாகப் போடுங்கள்.

வாரிசுச் சான்று: இ-சேவையில் விண்ணப்பம், கொடுப்பவர் வட்டாட்சியர். இதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. மனைவி, மகள், மகன் மூன்று பேரை மட்டும் எழுதிவிடுவார்கள். இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவரும் வாரிசு. மாமியார் வேறு கார்டில் இருக்கிறார் என்பதால் விட்டுவிட முடியாது. விட்டால் விசாரணையில் அக்கம்பக்கத்தார் வாக்குமூலத்தில் வெளிவரும், மனு திரும்பும், மீண்டும் முதலிலிருந்து. அவர் பெயரைச் சேர்த்து, ஆதார் நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வங்கியில் காப்பீட்டுத் தொகையை அக்கா பெயரில் கொடுக்க மாமியாரின் சம்மதக் கையெழுத்து கேட்பார்கள். மூத்த மகனிடம் இப்போதே பக்குவமாகப் பேசிவைப்பது நல்லது. பணம் வருகிறது என்று தெரிந்த பிறகு பேச்சு வேறு மாதிரி போகும். பிள்ளைகள் இருவரும் மைனர் என்பதால் அவர்கள் பங்கைப் பிரித்து வைப்பு வைக்கச் சொன்னாலும் சொல்வார்கள்.

வாரிசுச் சான்று வந்த கையோடு நல வாரியம். அட்டையின் பின்பக்கத்தில் புதுப்பித்த தேதி இருக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இறந்த தேதியில் பதிவு உயிரோடு இருந்ததா என்பதுதான் ஒரே கேள்வி. இருந்தால் இயற்கை மரண உதவியும் ஈமச்சடங்கு உதவியும் நியமனதாரருக்கு உண்டு. அட்டையில் எழுதவில்லை என்பதாலேயே காலாவதி என்று முடிவு கட்ட வேண்டாம், சில புதுப்பிப்புகள் இணையத்தில் மட்டும் இருக்கும். தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் பதிவு எண்ணைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று விட்டுப்போனது. 18 முதல் 59 வயதுக்குள் குடும்பத்தில் சம்பாதிப்பவர் இறந்தால், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு ஒரே தடவையாக 20,000, தேசிய குடும்ப நல உதவித் திட்டம். தாலுகா அலுவலகத்தில் ஓய்வூதியம் பற்றிக் கேட்கும் அன்றே இதையும் கேளுங்கள். யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இலையும் தூளும்:

அரிசி அட்டையை யாரும் சொல்லலியே. அந்தியோதயா அட்டையா மாத்தினா மாசம் 35 கிலோ அரிசி, தலைக்கணக்கு பாக்க மாட்டாங்க. விதவை தலைமையில இருக்கிற ஏழைக் குடும்பத்துக்கு இடம் உண்டு. வட்ட வழங்கல் அலுவலர்கிட்ட வெள்ளைத்தாள்ல மனு, இறப்புச் சான்று, வருமானச் சான்று, கார்டு நகல். காலி இடம் வந்தாத்தான் போடுவாங்க, இருந்தாலும் மனு உள்ள இருந்தாத்தானே வரிசையில நிக்கும்.

விதவை ஓய்வூதியம் வேண்டாம்னு நான் சொல்லலை, பிந்தலாம்னுதான் சொன்னேன். 200 போக, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை உண்டு, மாசம் 4 கிலோ அரிசி தனியா உண்டு. அதைவிட, உரிமைத் தொகைக்கு மின்சாரம் வருசத்துக்கு 3,600 யூனிட், குடும்ப வருமானம் 2.5 லட்சம் தாண்டக் கூடாதுன்னு நிபந்தனை நிறைய. நாளைக்கு மகன் வேலைக்குப் போயி ஒரு கார் வாங்கினா அது போச்சு.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:

மகன் கார் வாங்கினால் ஓய்வூதியத்துக்கும் கேள்வி வரும், அக்கா. ‘ஆதரவற்ற’ என்ற சொல்லை அங்கேயும் பார்ப்பார்கள். அசையாச் சொத்து மதிப்பு 1 லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. பொடியன் சொன்ன வீடு மாமனார் பெயரில் இருப்பதால், பட்டா நகலை இணையத்தில் எடுத்து மனுவோடு வைத்துவிடுங்கள். ‘சொந்த வீட்டில் குடியிருக்கிறார்’ என்று ஒற்றை வரியில் எழுதித் தள்ளுபடி செய்வதுதான் அதிகம். பட்டாவில் யார் பெயர், எத்தனை வாரிசு என்பது தாளில் இருந்தால் அப்படி எழுதுவது கஷ்டம்.

தள்ளுபடி ஆனால் காரணத்தைக் கேளுங்கள். குறுஞ்செய்தியில் ஒரு சொல்தான் வரும். முழுக் காரணம் வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தாலுகா பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: மனு எண், தேதி, ‘வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணை அறிக்கைகளின் நகல் தரவும்’. ஏன், எதற்கு என்று கேள்வி கேட்காதீர்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள், அதைத்தான் மறுக்க முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும். அறிக்கையில் எது தப்பு என்று பார்த்து, அதற்கு மட்டும் தாள் வைத்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. ஒன்றும் மாற்றாமல் அதே மனுவைத் திரும்பத் திரும்பப் பதிந்தால் அதே பதில்தான்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு எடுத்த எடுப்பில் போக வேண்டாம். அங்கே கொடுக்கும் மனு எண் போட்டு, சுற்றி வந்து, அதே தனி வட்டாட்சியர் மேசையில்தான் விழும். மனு போட்டு இரண்டு மாதமாக ஒரே மேசையில் கிடக்கிறது என்றால் அப்போது போங்கள், பழைய மனு எண்ணைத் தலைப்பிலேயே எழுதுங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணுக்கும் இதே கதைதான். வெளியே மனு எழுதித் தருகிறவர்களிடம் நீளமாக எழுத விடாதீர்கள். பத்து வரி போதும்.

ஆலங்குளம் ரோடு:

இடையில வாறதுக்கு மன்னிக்கணும். எங்க பக்கம் ஒரு பாட்டி, முதியோர் ஓய்வூதியத்துக்குப் பதிஞ்சாங்க. ஆதார்ல திருநெல்வேலி மாவட்டம்னு இருக்கு, ஊர் ஆலங்குளம். சேரன்மகாதேவி தாலுகாவுக்குப் போயிருச்சு மனு. என்ன பண்ண?

சேவைமேசை:

2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆனதுக்கு முன்னால எடுத்த ஆதார் அது. ஆலங்குளம், கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் இன்னமும் இந்தத் தொல்லை உண்டு. குடிமக்கள் கணக்குல மாவட்டம், தாலுகா, வருவாய் கிராமம் மூணையும் ஆதார்ல இருக்கிறபடி போடக் கூடாது, இன்னைக்கு எதுல இருக்கோ அதைத் தேர்ந்தெடுக்கணும். வருவாய் கிராமத்துப் பேரு பட்டாவுல இல்லாட்டி வரி ரசீதுல இருக்கும், தெருப் பேரைப் பாத்துப் போடாதீங்க. தப்பாப் போன மனுவை ஆபீஸ்ல மாத்தி அனுப்புவாங்கன்னு காத்திருக்க வேண்டாம். தள்ளுபடி ஆனதும், கணக்கைத் திருத்திட்டுப் புதுசாப் பதிங்க. அதோட ஆதார் முகவரியையும் மாத்திடுங்க.

பொடியன் தம்பிக்கு ஒண்ணு. அக்கா பேங்க்ல ‘ஆதார் இணைச்சாச்சு’ன்னு சொன்னா அதோட விட்டுறாதீங்க. கணக்குல ஆதார் எண் ஏத்துறது ஒண்ணு, அரசுப் பணம் வந்து விழுறதுக்குக் குறிக்கிற கணக்கு வேற ஒண்ணு. ஆதாருக்கு ஒரு கணக்கைத்தான் அப்படிக் குறிக்க முடியும், கடைசியா எந்தப் பேங்க்ல கையெழுத்துப் போட்டாங்களோ அங்க போயிரும். ஆதார் தளத்துல வங்கி இணைப்பு நிலைன்னு ஒரு பக்கம் இருக்கு, எண்ணும் ஓ.டி.பி.யும் போட்டா எந்த பேங்க்னு காட்டும். இப்ப உரிமைத் தொகை எந்தக் கணக்குல வருதோ அதே பேங்க் பேர் அங்க இருக்கான்னு பாருங்க. காப்பீட்டுப் பணத்துக்காக வேற பேங்க்ல புதுக் கணக்குத் தொறக்கச் சொன்னா, அந்தப் படிவத்துல ‘அரசு மானியம் இந்தக் கணக்குக்கு’ங்கிற கட்டத்துல டிக் அடிக்காதீங்க. அடிச்சா ஆயிரம் ரூபாய் அங்கே போயி விழும், அக்கா பழைய பாஸ்புக்கை வச்சுக்கிட்டு நின்னுடுச்சுன்னு தேடுவாங்க.

முக்கூடல் பொடியன்:

பாத்தேன் அண்ணாச்சி, ரெண்டும் ஒரே பேங்க்தான். திங்கக்கிழமை புது சிம்மும் ஆதார் மையமும். செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டைக்குப் போயி இன்ஷியல் திருத்தம், அப்படியே குழந்தைகள் பாதுகாப்பு அலகுலயும் படிவம் வாங்கிட்டு வந்துடுதோம். மாமியார்கிட்ட நாளைக்கே பேசச் சொல்லியிருக்கேன். 2,000 கேட்ட ஆள் இன்னைக்கு 1,500க்கு வந்திருக்கார்.